புளியைக் கீழே வை!

கையில் இருக்கிற புளியைக் கீழே வை, தம்பி. எலுமிச்சை மூடியையும் பாத்திரம் துலக்கும் பொடியையும் அப்படியே ஓரமாக நகர்த்து. தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து உன் கைக்கு வந்திருக்கிறதே, பச்சை பூத்துப்போன ஒரு செப்புக் காசு, அதை ஐந்தே நிமிடத்தில் பளபளவென்று ஆக்கலாம் என்று ரீல்ஸில் ஒருவன் செய்து காட்டினான். அவன் காட்டியது பொய்யில்லை. ஐந்து நிமிடத்தில் பளபளக்கும். ஆறாவது நிமிடம் அதில் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

"எனக்கு இதெல்லாம் வராது சார், நான் கெமிஸ்ட்ரியில் வீக்" என்கிறாயா? அந்தப் பேச்சையும் புளியோடு சேர்த்துக் கீழே வை. இந்த வேலைக்கு வேண்டியது பட்டம் இல்லை, பணமும் பெரிதாக இல்லை. கையை அடக்கத் தெரிய வேண்டும். அவசரப்படுகிற கையை அடக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

செம்பு மண்ணுக்குள் போனால் என்ன ஆகிறது? முதலில் அதன் மேல்தோல் ஆக்சிஜனோடு சேர்ந்து செங்கல் நிறத்தில் மெல்லிய படலமாகிறது. குப்ரைட் என்று பெயர். அதன் மேல் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து பச்சை மலக்கைட் படிகிறது. அங்கங்கே நீல நிறத்தில் அசுரைட். அதற்கும் மேலே மணலும் சுண்ணாம்பும் கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன. நூற்றாண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள் சுருங்குகிறது. அக்கசாலையில் சுத்தியல் விழுந்த அந்த நொடியில் பதிந்த எழுத்தின் விளிம்பு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? பல காசுகளில் அது உலோகத்தில் இல்லை. களிம்புக்கு நடுவே, அந்தச் செந்நிறப் படலத்தில் நிற்கிறது. புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் பச்சையைக் கரைக்கும்போது அந்தச் சிவப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும். கடைசியில் கையில் மிஞ்சுவது இளஞ்சிவப்பாக மின்னும், அம்மைத் தழும்பு விழுந்த ஒரு வட்டத் தகடு.

முதலாம் இராசராசனின் செப்புக் காசை எடுத்துக்கொள். ஒரு பக்கம் நிற்கிற உருவம். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. எடை ஏறக்குறைய 4 கிராம். தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது, கடல் தாண்டி இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. சோழர் ஆட்சி அங்கே முடிந்த பிறகும் பொலன்னறுவை மன்னர்கள் இதே உருவ அமைப்பைப் பின்பற்றித்தான் காசு அடித்தார்கள். பராக்கிரமபாகு அடித்தார், நிசங்கமல்லர் அடித்தார், லீலாவதி என்ற அரசி அடித்தார். நிற்கிற உருவமும் உட்கார்ந்த உருவமும் எல்லாவற்றிலும் ஒரே சாயல். யார் காசு என்று சொல்வது அந்தச் சில எழுத்துகள் மட்டும். அவற்றைத் தேய்த்துவிட்டால் தஞ்சையின் பேரரசனா, பொலன்னறுவையின் அரசியா என்று அடித்துச் சொல்ல எந்த அறிஞராலும் முடியாது.

உன்னையும் இப்படித் தேய்க்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஊர்ப்பேச்சு வேண்டாம், அழி என்பார் ஒருவர். அப்பா வண்டி இழுத்ததை இன்டர்வியூவில் சொல்லாதே என்பார் இன்னொருவர். மூன்று நாள் பயிற்சி, மேடையில் கைதட்டல், முடிவில் ஒரு சான்றிதழ், நீயும் பளபளத்து வெளியே வருவாய். வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள், ஒரே மாதிரி கை கொடுக்கிறார்கள். எழுத்து போய்விட்டது. இன்னாருடைய காசு என்று சொல்ல வழியில்லை. தன்னம்பிக்கை என்ற பெயரில் பாலிஷ் விற்கிற இந்த வியாபாரத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

அப்படியானால் களிம்பு எல்லாம் நல்லதா? இல்லை. இங்கேதான் கண் வேண்டும்.

பச்சையில் இரண்டு வகை உண்டு. ஒன்று கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாகக் காசோடு ஒட்டி நிற்கும். நகத்தால் கீறினாலும் உதிராது. அது காசுக்குக் கவசம். அதைத் தொடாதே. இன்னொன்று வெளிர்பச்சை, மாவு மாதிரி, புள்ளி புள்ளியாகப் பூக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். துடைத்துவிட்டு டப்பாவில் போட்டு வைத்தால், மழைக்காலம் வந்ததும் அதே இடத்தில் மறுபடி பூத்திருக்கும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். செப்புக் காசுக்கும் வரும்.

இந்த நோயின் வேலையைத் தெரிந்துகொள். மண்ணில், கடல் காற்றில், கை வியர்வையில் இருக்கிற குளோரைடு செம்புக்குள் இறங்கி, குப்ரஸ் குளோரைடாகக் குழிகளின் அடியில் பதுங்கிக் கிடக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தவுடன் விழித்துக்கொள்கிறது. வெளிர்பச்சைப் பொடியாக மாறும்போது கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் நல்ல செம்பை அரிக்கிறது, அதனால் மறுபடி குப்ரஸ் குளோரைடு, மறுபடி ஈரம், மறுபடி அமிலம். பிரெஞ்சு வேதியியலாளர் மார்சலான் பெர்த்லோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தச் சுழற்சியை விளக்கிவிட்டார். இதில் கொடுமை என்ன தெரியுமா? வெளியிலிருந்து யாரும் புதிதாக உப்புப் போட வேண்டியதில்லை. உள்ளே போன கொஞ்சம் உப்பே திரும்பத் திரும்ப வேலை பார்த்துக் காசை முழுவதும் தின்று தீர்த்துவிடும். புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்க்கிறார்களே, அவர்கள் தங்கள் கையாலேயே இந்த நோயை உள்ளே ஏற்றுகிறார்கள்.

ஏழாம் வகுப்பில் எவரோ ஒருவர் உன்னைப் பார்த்து "நீ எதுக்குமே லாயக்கில்லை" என்றார். அவர் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லிவிட்டு அவர் மறந்தும் போயிருப்பார். அதற்குப் பிறகு அதை ஆயிரம் தடவை சொன்னது யார்? நீதானே! ஒவ்வொரு நேர்காணலுக்கு முன்பும், ஒவ்வொரு மேடைக்கு முன்பும் அதே உப்பு ஈரம் கண்டு விழிக்கிறது. உன் கறுப்பு நிறம், உன் அரசுப் பள்ளி, உன் ஊர் வாடை, நீ கோட்டைவிட்ட ஒரு பாடம் எல்லாம் கரும்பச்சைக் கவசம், அவற்றைச் சுரண்டாதே. அந்த ஒற்றை வாக்கியம் மட்டும் வெளிர்பச்சைப் பொடி. அதைக் கண்டுபிடி. அதை மட்டும் எடு. எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் "பாசிட்டிவாக இரு, பாசிட்டிவாக இரு" என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம்.

அரிய காசில் கை வைத்துப் பழகாதே. பழைய காசுக் கடைகளில் பத்துக்கும் இருபதுக்கும் குவித்து வைத்திருக்கிற தேய்ந்த காசு இரண்டு வாங்கு. 1943-இல் வந்த ஓட்டைக் காலணா கிடைத்தால் இன்னும் நல்லது. வெண்கலம், எழுத்து தெளிவு, கெட்டுப்போனாலும் வரலாறு அழாது. குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே குளோரின் இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறவிடு. அவ்வப்போது நீரை மாற்று. மண் மெல்ல இளகும்.

பிறகு எடு லென்ஸை. கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் போதும். வலது கையில் கூராகச் சீவிய மூங்கில் குச்சி, அல்லது ஒரு கருவேல முள். இரும்பு ஊசி வேண்டாம். அது செம்பை விடக் கெட்டி, பயிற்சி இல்லாத கையில் காசைக் கீறிவிடும். குச்சியைச் செங்குத்தாகக் குத்தாதே, சாய்த்துப் பிடி. கட்டியின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்து, குச்சியின் நுனியால் ஓரத்தை நெம்பு. சுரண்டாதே, நெம்பு. கடுகில் கால்வாசி அளவுக்கு ஒரு செதில் தூக்கிக்கொண்டு வரும். அதற்கு அடியில் மண் நிறத்துக்கும் பச்சைக்கும் நடுவே செங்கல் நிறத்தில் ஒரு மேடு தெரியும். கையை நிறுத்து. அதற்குக் கீழே போகாதே. அந்த மேடு வளைகிறதா, நேராகப் போகிறதா என்று பார். வளைந்து போய் இன்னொரு மேட்டைத் தொட்டால் அது எழுத்து. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அரை எழுத்து கிடைத்தால் அது நல்ல மாலை. எழுந்து போய்ச் சாப்பிடு. நாளைக்கு மீதி அரை.

சிலர் ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊற வைக்கிறார்கள். மேலை நாட்டுச் சேகரிப்பாளர்களின் பழக்கம் அது. அந்த எண்ணெயிலும் அமிலம் உண்டு, மெதுவாக வேலை செய்கிற அமிலம், அவ்வளவே. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வெளிர்பச்சைப் பொடி கண்ட காசுக்கு நீர் மட்டும் போதாது. சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் சேர்ந்த செஸ்குவிகார்பனேட் கரைசல், 5 விழுக்காடு, டிஸ்டில்டு நீரில். மளிகைக் கடைச் சலவைச் சோடா வேண்டாம். அதில் என்னென்ன உப்பு கலந்திருக்கிறதோ. ஆய்வகத் தரம் வாங்கு. காசு வாரக்கணக்கில் அதில் கிடக்க வேண்டும், மாதங்களும் ஆகலாம். கரைசலை மாற்றிக்கொண்டே இரு. நீர் நீலமாகத் தொடங்கினால் செம்பே கரைகிறது என்று பொருள், உடனே வெளியே எடு. இந்தக் கரைசல் களிம்பின் நிறத்தையும் கொஞ்சம் மாற்றும். அதனால்தான் முதல் பழக்கம் மலிவான காசில் என்றேன்.

குளோரைடு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? காசை மீண்டும் வெறும் டிஸ்டில்டு நீரில் ஊற வை. அந்த நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், அதன் பின் சில்வர் நைட்ரேட். நினைவு வருகிறதா? பிளஸ் டூ செய்முறைத் தேர்வு! உப்புப் பகுப்பாய்வு! "தயிர் போன்ற வெண்மையான வீழ்படிவு, குளோரைடு உள்ளது" என்று ரெக்கார்டு நோட்டில் நீயே எழுதினாயே, அதே சோதனை. கெமிஸ்ட்ரி வராது என்றாயே! உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் பாதுகாப்பாளர்கள் செய்கிற சோதனையைப் பதினேழு வயதில் அரசுப் பள்ளி லேபில் நின்று செய்துவிட்டு வந்தவன் நீ. குழாயில் வெண்மை கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடி ஊறவிடு. நீர் தெளிவாகவே நின்றால் அடுத்த படிக்குப் போ. சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுத்துவிடும், கையுறை போட்டுக்கொள். கறுத்த விரலை வீட்டில் காட்டித் திட்டு வாங்காதே.

பின்புலம் இல்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கியது. இந்தியாவில் அருங்காட்சியகத்துக்குள் அப்படி ஒரு கூடம் அமைவது அரிதாக இருந்த காலம். அங்கே வேலையைத் தொடங்கியவர் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர். அவர் முன்னால் நின்றது நோய் கண்ட செப்புத் திருமேனிகள், கடலோரச் சென்னையின் ஈரக் காற்று. மின்பகுப்பு முறையில் உலோகப் பொருள்களிலிருந்து குளோரைடை வெளியேற்றினார். தஞ்சைப் பெரிய கோவில் ஓவியங்களின் வண்ணங்களையும் ஆராய்ந்து எழுதினார். இன்றைய பாதுகாப்பாளர்கள் மின்பகுப்பை அவ்வளவாக விரும்புவதில்லை. களிம்பு மொத்தமும் போய்விடும் என்பார்கள். சரிதான். ஆனால் இருந்த கருவியை வைத்துக்கொண்டு அன்று தொடங்கினாரே, அந்தத் தொடக்கம் இல்லாவிட்டால் இன்று விவாதிக்கக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இன்னொருவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. 'தினமலர்' நாளிதழின் ஆசிரியராக, நாள்தோறும் பத்திரிகை கொண்டுவருகிற வேலையில் இருந்தவர். சங்க கால மன்னர்கள் எழுத்துப் பொறித்த காசு எதுவும் வெளியிடவில்லை என்று பலர் நம்பிய நாளில், பழைய காசுகளைத் தேடி வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1980-களில் ஒரு செப்புக் காசில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெருவழுதி என்று படித்தார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் பாண்டியரின் மீன் சின்னம். இலக்கியத்தில் கேட்ட பெயர் உலோகத்தில் கிடைத்தது. சதுரமான சின்னக் காசு அது. அதன் மேல் உள்ள எழுத்து எவ்வளவு மெல்லியது என்று யோசித்துப் பார். அது போன்ற காசுகள் வைகைக் கரையிலும் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் எத்தனை கைகளில் கிடைத்திருக்கும்? அவற்றில் எத்தனை உருக்கப்பட்டிருக்கும், எத்தனை புளியில் செத்திருக்கும்? அவர் தொல்லியல் துறையில் வேலை பார்த்தவர் இல்லை. யாரும் அவரைப் படிக்கச் சொல்லவும் இல்லை. படித்தார்!

சுத்தமான காசைக் காப்பது தனி வேலை. இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். அசிட்டோனில் நனைத்து ஈரத்தை முழுவதும் விரட்டு. அதன் பிறகு பென்சோடிரையசோல். 1967-இல் டென்மார்க்கின் மாட்ஸன் தொல்பொருள்களுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதிய நாளிலிருந்து உலகம் முழுக்கப் பாதுகாப்பாளர்கள் கையில் இருக்கிற மருந்து. 3 விழுக்காடு, எத்தனாலில் கரைத்து, ஒரு நாள் ஊற வைப்பார்கள். செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் கட்டிக் குளோரைடைப் பூட்டி வைக்கும். உடலுக்கு நல்லதில்லை, கையுறை இல்லாமல், ஜன்னல் திறக்காமல் இதில் இறங்காதே. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய். மேலே பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பூச்சு, மெல்லியதாக. வேண்டாம் என்று தோன்றும் நாளில் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் காசின் மேல் போடாதே. வார்னிஷ், நெயில் பாலிஷ் எல்லாம் தூரப் போகட்டும்.

பி.வி.சி. ஆல்பத்தில் வைக்காதே. நாளாக ஆகப் பிசுபிசுப்பாகப் பச்சை வழியும். மரப்பெட்டியும் சந்தேகம்தான், சில மரங்கள் அசிட்டிக் அமில ஆவி விடும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 60 விழுக்காட்டுக்கு மேல். நோய் அடங்கிக் கிடக்க 40-க்குக் கீழே வேண்டும். டப்பாவைத் திறந்து பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடாதே. பொடி மறுபடி பூத்தால் பதறாதே, மருத்துவத்தை மறுபடி தொடங்கு.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மண்ணுக்குள் புதையல் கிடைத்து அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. தோண்டிய இடத்தை விட்டுக் காசைப் பிரித்தால் அது பாதி ஊமை. வயலில் பானையோடு கிடைத்தால் ஒன்றையும் கழுவாமல் சொல்ல வேண்டியவர்களிடம் போய்ச் சொல். அரிய காசு என்று சந்தேகம் வந்த நொடியில் குச்சியை வைத்துவிட்டுப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரைத் தேடிப் போ. போய்க் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேட்காமல் கெடுத்தவனுக்குத்தான் வெட்கம்.

ஒரு குறிப்பேடு போடு. தொடுவதற்கு முன் இரு பக்கமும் படம் எடு, முடித்த பின்னும் எடு. சின்ன மின்தராசில் எடை பார். இயற்பியல் லேபில் வெர்னியர் காலிப்பர் பிடித்த கைதானே, விட்டம் அள. எங்கிருந்து வந்தது, எந்தக் கரைசல், எத்தனை நாள், எந்த நாளில் வெண்மை கலங்குவது நின்றது, எல்லாம் தேதியோடு எழுது. ஒருநாள் உன் காசை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போவாய். முன்வரிசையிலிருந்து ஒரு பெரிய மனிதர் திரும்பிப் பார்த்து, "நீ என்ன இதெல்லாம் படிச்சவனா?" என்பார். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், குறிப்பேட்டைத் திற. எடையைச் சொல், விட்டத்தைச் சொல், தேதியைச் சொல். லென்ஸை அவர் கையில் கொடுத்து, "ஐயா, மூணாவது எழுத்தை நீங்களே படிச்சுப் பாருங்க" என்று சொல்.